அம்மணி விசையின் திருத்திய வரலாறு

மனித குலம் ஒளியின் வேகத்தைத் தாண்டிய இடம் ஆரணி. பெரிய நாடுகள் பெரிய ராக்கெட்டுகளை வைத்துக்கொண்டு இன்னும் நிலாவுக்கே நாள் பார்த்துக்கொண்டிருக்க, ஆரணியோ பட்டுக்கடை துரைக்கண்ணு வீட்டு மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணி செரிப்பதற்குள் காரியத்தை முடித்துவிட்டது. சாதனைகள் சத்தமில்லாமல்தான் நடக்கும். சத்தமெல்லாம் அதற்கு யார் காரணம் என்று முடிவு செய்யும்போது வருவது.

அந்த முடிவைச் செய்தவர் வேணுகோபால். ஆரணி கண்ட நடுநிலையாளர்களில் முதன்மையானவர். யார் எது சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். எதிர்த்தரப்பு பேசினால் "இதுவும் யோசிக்க வேண்டியதுதான்" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு வயதுவரை ஒரு பகைவர்கூட இல்லாமல் வாழ்ந்திருந்தார். தொழில், பட்டுச்சேலைக்கு முந்தானையும் பார்டரும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது. அவர் வரைந்த மயில்களில் முக்கால்வாசி துரைக்கண்ணுவின் கடைக்குத்தான் பறந்தன. இது இந்த வரலாற்றுக்குத் தொடர்பில்லாத செய்தி. அவரும் அப்படித்தான் நம்பினார்.

மயில் வரைந்த நேரம் போக, அவர் ஒரு பிரபஞ்சத்தைப் படைத்திருந்தார். அதன் பெயர் 'ஏழாம் அண்டம்'. அது ஒரு விளையாட்டு. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். வேணுகோபால் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். "எதிரிக் கப்பல் வருது, இன்னா செய்யறீங்க?" என்று நிறுத்துவார். அவரவர் செய்வதைச் சொல்லிவிட்டு இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். பகடை சொன்னதுதான் நடந்தது. அதை மாற்ற வேணுகோபாலுக்கே அதிகாரமில்லை. "நான் கடவுள் இல்ல, கணக்குப்பிள்ளை" என்று தன்னடக்கத்தோடு சொல்வார்.

துரைக்கண்ணுவின் மகன் பாலு, பேரரசின் கப்பல்படைத் தளபதி. தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சரான ஸ்வர்ணலதா, பேரரசி. தேவிகாபுரம் பக்கத்திலிருந்து வந்து ஆரணியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்த அமலா, கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடுபவள்.

"இன்னாம்மா, இத்தனை இருக்க இதப் போயி எடுத்துக்கற?" என்று முதல் நாளே வேணுகோபால் கேட்டார்.

"ராணி, தளபதி எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. எண்ணெய் போடவும் ஒரு ஆள் வேணும் இல்ல?" என்றாள் அமலா.

"பேரு?"

"அம்மணி. எங்க அம்மா பேரு. வேற எங்கயும் அந்தப் பேரு வராது, இதுலயாவது வரட்டும்."

வேணுகோபால் எழுதிக்கொண்டார்.

ஒளியைத் தாண்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை, பேரரசின் கப்பலைக் கரும்படை துரத்திக்கொண்டிருந்தது. தளபதி பீரங்கியால் சுட்டார். பகடையில் மூன்று விழுந்தது, பீரங்கி அவர் கப்பலையே சுட்டது. பேரரசி சமாதானம் பேசினார். இரண்டு விழுந்தது, எதிரிகள் மேலும் கோபமடைந்தார்கள். இன்னும் ஒரே சுற்றில் கப்பல் சிதறிவிடும் என்று வேணுகோபால் மிகுந்த வருத்தத்தோடும் உள்ளூர மகிழ்ச்சியோடும் அறிவித்தார். அப்போதுதான் அமலா பேசினாள்.

"அண்ணா, எங்க ஊர் பஸ்ஸு லேட்டா கெளம்பினாகூட கரெக்டா ஆரணி வந்துடும். எப்படின்னு தெரியுமா?"

"எப்படி?"

"எங்க காலனி ஸ்டாப்புல நிக்காது. நாங்க கைகாட்டிகினு நிப்போம். அந்த எடத்துல ஸ்டாப்பே இல்லாத மாதிரி, ஆளுங்களே இல்லாத மாதிரி போயிடும். நம்ம கப்பலும் அப்படிப் போவக்கூடாதா? ஒளி பாவம், நடுவுல இருக்கற எல்லா எடத்தையும் தொட்டுகினு போவுது. நடுவுல ஒண்ணுமே இல்லன்னு எஞ்சினுக்குச் சொல்லிட்டா?"

வேணுகோபாலுக்கு முன்கையில் மயிர் எழுந்து நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த அண்டத்தைக் கட்டியவர் அவர். அதில் இப்படி ஒரு கதவு இருப்பது அவருக்கே தெரியாது.

"இருபது விழணும்மா," என்றார். "பத்தொம்போது விழுந்தாகூட கப்பல் காலி."

அமலா உருட்டினாள். இருபது.

பாலு நாற்காலிமேல் ஏறி நின்றான். ஸ்வர்ணலதா அமலாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "இனிமே இதுக்குப் பேரு அம்மணி விசை" என்று அறிவித்தவன் சாட்சாத் பாலுவேதான். பின்னாளில் வரலாறு எழுதப்பட்டபோது இந்தத் தகவல் "போதிய ஆதாரமின்மையால்" விடப்பட்டது.

அதற்குப் பிறகு ஏழாம் அண்டத்தில் எந்தக் கப்பல் கிளம்பினாலும் அம்மணி விசையில்தான் கிளம்பியது. ஞாயிறுதோறும் புதுப்புதுச் சூரியன்களைத் தொட்டார்கள். இப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நல்ல காலம் வந்தது. இந்த மாதிரி விளையாட்டுகளை அச்சிட்டு விற்கும் பெங்களூர் கம்பெனி ஒன்று, ஏழாம் அண்டத்தைப் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு அத்தியாயம்தான் குறை என்றது: 'ஒளியை முந்திய பயணத்தின் வரலாறு'. அதை எழுதி அனுப்பினால் போதும்.

"அண்ணா, அம்மணி பேரு வரும் இல்ல?" என்று அமலா கேட்டாள்.

"அது இல்லாம வரலாறு ஏதும்மா?" என்றார் வேணுகோபால். அன்று அவர் அதை உண்மையாகவே சொன்னார்.

அமலா அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மணி நிலக்கடலை பறித்துவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தவர், "எதுக்குடி என் பேர போடறாங்க, நான் இன்னா செஞ்சேன்?" என்று கேட்டாராம். "நீ வெளிச்சத்த முந்திட்ட" என்றாளாம் அமலா. இதை அவளே ஞாயிற்றுக்கிழமை சொல்லிச் சிரித்தாள். வேணுகோபாலும் சிரித்தார்.

அத்தியாயம் எழுதி முடிந்தது. நடந்தது நடந்தபடி இருந்தது. அதுதான் அதிலிருந்த ஒரே குறை.

வெளியீட்டு விழாவைத் தன் செலவில் கல்யாண மண்டபத்தில் நடத்துவதாகச் சொன்ன துரைக்கண்ணு, அதற்குமுன் "ஒரு பார்வை" பார்த்துவிடுவது முறை என்று கருதினார். கடைக்கு வேணுகோபாலை வரவழைத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, படித்துக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் திறந்தார்.

"கப்பல் யாருது வேணு?"

"பேரரசோடது முதலாளி. தளபதி நம்ம பாலு."

"எஞ்சினு?"

"அதுவும் பேரரசோடதுதான்."

"எண்ணெய்?"

வேணுகோபால் யோசித்தார். எண்ணெயைப் பற்றி அவர் ஏதும் எழுதவில்லை. "அதுவும் பேரரசு வாங்கினதாத்தான் இருக்கும்."

"எல்லாம் நம்மளுது. கண்டுபிடிச்சது மட்டும் எப்படி அந்தப் பொண்ணோடது ஆவும்? சேலைய நெய்யறவன் நெய்யறான். பொட்டிமேல யாரு பேரு இருக்குது? கடைப் பேருதானே?"

"அதுவும் சரிதான்," என்றார் வேணுகோபால்.

"அந்தப் பொண்ணுக்கு எந்த ஊரு?"

"தேவிகாபுரம் பக்கம் முதலாளி."

"பக்கம்னா? ஊருக்குள்ளயா, வெளியவா?"

வேணுகோபால் கல்லாப்பெட்டியின் சாவித் துவாரத்தைப் பார்த்தார். "வெளிய."

"அதான பாத்தேன்," என்று துரைக்கண்ணு நிம்மதியாகச் சாய்ந்தார். "நான் வித்தியாசம் பாக்கறவன் இல்ல, உனக்கே தெரியும். என் சக்கரைக்கு ரத்தம் எடுக்கறதே அந்தப் பொண்ணுதான். கையை நீட்டிகினு உக்காந்துக்கறன். ஆனா வரலாறுன்னு ஒண்ணு இருக்குது பாரு. நாலு பேரு படிக்கறது. அத ஜல்தியா எழுதிடக் கூடாது. ஒரு கமிட்டி போடு."

அவ்வாறு 'ஒளிமுந்து பயண வரலாற்றுச் சீராய்வுக் குழு' தோன்றியது. தலைவர் துரைக்கண்ணு. பகடையைக் கையால் தொட்டதில்லை என்பதால் விருப்பு வெறுப்பற்றவர். உறுப்பினர்கள், பாலுவும் ஸ்வர்ணலதாவும். நேரில் கண்ட சாட்சிகள் என்பதால். செயலாளர், வேணுகோபால். அமலாவும் நேரில் கண்டவள்தான். ஆனால் தன் விஷயத்தில் தானே தீர்ப்புச் சொல்வது நீதிக்கு முரண் என்று செயலாளரே சுட்டிக்காட்டினார். தளபதிக்கும் பேரரசிக்கும் இந்த நியதி பொருந்தாது. அவர்கள் "பாதிக்கப்பட்ட தரப்பினர்". கூட்டங்கள் வார நாட்களில், லேப் திறந்திருக்கும் நேரத்தில் நடத்தப்பட்டன. இதில் உள்நோக்கம் கிடையாது. பஜ்ஜி அப்போதுதான் சூடாகக் கிடைக்கும்.

முதல் கூட்டத்தில் ஒரு சிறிய திருத்தம் மட்டுமே செய்யப்பட்டது. "அம்மணி கண்டுபிடித்தாள்" என்றிருந்தது, "தளபதியின் வழிகாட்டுதலின்கீழ் அம்மணி கண்டுபிடித்தாள்" என்றானது. அந்த வரியை எழுதும்போது வேணுகோபாலின் பேனா இரண்டு முறை நின்றது. மை சரியில்லை என்று முடிவு செய்தார்.

இரண்டாவது கூட்டத்தில் ஸ்வர்ணலதா மொழி ஆராய்ச்சி ஒன்றை முன்வைத்தாள்.

"அம்மணிங்கறது ஒரு ஆளோட பேரா இருக்க முடியாது சார். அது மரியாதைச் சொல்லு. பெரிய எடத்துப் பொம்பளைங்களத்தானே அம்மணின்னு கூப்பிடுவாங்க? கப்பல்ல இருந்த பெரிய எடத்துப் பொம்பள யாரு?"

"யாரும்மா?" என்றார் தலைவர்.

"பேரரசி," என்றாள் ஸ்வர்ணலதா, தரையைப் பார்த்து. "எனக்காகச் சொல்லல. பெண் குலத்துக்கும் வரலாற்றுல ஒரு எடம் வேணும் இல்ல?"

"ஏற்கெனவே ஒரு பொண்ணுதான் இருக்குது டீச்சர்," என்றார் செயலாளர், தன் வாழ்நாளின் துணிச்சலை எல்லாம் திரட்டி.

"அது தனிப்பட்ட பொண்ணு சார். நான் பெண் குலத்தச் சொல்றன்."

இதுவும் யோசிக்க வேண்டியதாக இருந்தது. யோசித்ததில், பேரரசியின் பெருமையைப் போற்றும் வகையில் தளபதி தான் கண்டுபிடித்த விசைக்கு 'அம்மணி' என்று பெயரிட்டார் எனத் தீர்மானமானது. இப்படியாக அம்மணியின் பெயர் காப்பாற்றப்பட்டது. அம்மணியைத்தான் காப்பாற்ற முடியவில்லை. எண்ணெய் போடும் வேலைக்கு ஆள் தேவையில்லை, எஞ்சின் தானியங்கி என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது.

பாலுவுக்கு இந்த இடத்தில் மனசு கேட்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, "ஆனா அன்னிக்கி பகடை போட்டது அமலாதாம்பா. இருபது விழுந்துச்சு. நான் பாத்தேன்" என்றான்.

"பகடை யாருது?" என்றார் தலைவர்.

"நம்மளுது."

"அப்புறம் இன்னா பேஜாரு?"

பாலு பஜ்ஜியை மீண்டும் எடுத்துக்கொண்டான். அது ஆறிப்போயிருந்தது என்று குறைபட்டதோடு சரி.

மூன்றாவது கூட்டம் பஸ் விவகாரத்தை எடுத்துக்கொண்டது. இவ்வளவு பெரிய விஞ்ஞானம், காலனி ஸ்டாப்பில் நிற்காத பஸ்ஸிலிருந்து பிறந்தது என்று எழுதுவது பேரரசுக்கு இழுக்கு. மேலும் பஸ் நிற்கவில்லை என்று எழுதினால், ஏன் நிற்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். ஆகவே தளபதியின் மூதாதையர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ரகசியத்தை ஓலையில் எழுதிவைத்திருந்தனர் என்று தலைவர் தெரிவித்தார். நான்காவது கூட்டத்தில் அது ஐயாயிரம் ஆண்டானது. ஐந்தாவதில், ஒளி தோன்றுவதற்கு முன்பே அதை முந்தும் முறையைத் தளபதி வம்சத்தார் அறிந்திருந்தனர் என்பது ஏகமனதாக நிலைநாட்டப்பட்டது. ஒளியைவிட வேகமாகப் போனால் காலம் பின்னோக்கி ஓடும் என்று விஞ்ஞானிகள் வெறும் ஊகமாகச் சொல்லிவந்ததை, பரிசோதனை மூலம் மெய்ப்பித்த முதல் அமைப்பு இந்தக் குழுதான்.

கடைசிக் கூட்டத்தில் வேணுகோபால் போராடினார். இதைப் பதிவு செய்யாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். அமலாவின் பெயர் புத்தகத்தில் எங்காவது வந்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். தலைவர் முறைத்தார். "மயில் டிசைன் ரெண்டு மாசமா ஒண்ணும் புதுசா வரல போல" என்று பொதுவாக ஒரு சந்தேகம் கேட்டார். அப்போதும் வேணுகோபால் அசையவில்லை. இறுதியில் சமரசம் ஏற்பட்டது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் அவள் பெயரைப் போடலாம். எதற்காக நன்றி என்பதைத் தலைவரே சொன்னார், செயலாளர் எழுதிக்கொண்டார். அன்று வீடு திரும்பும்போது, ஒரு பெண்ணுக்காக ஊரையே எதிர்த்து நின்ற மனிதனின் நடை அவரிடம் இருந்தது.

அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் "விழா வேலை இருக்குது" என்று ஆட்டம் நிறுத்தப்பட்டது. அமலா இரண்டு முறை போன் செய்தாள். இரண்டு முறையும் வேணுகோபால் மயிலுக்குத் தோகை வரைந்துகொண்டிருந்ததால் எடுக்க முடியவில்லை.

விழா வெகு சிறப்பாக நடந்தது. மண்டப வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், கூடவே உள்ளங்கையளவு விண்கலங்கள் பதித்த தோரணம். மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு இரண்டு பங்கு பேனர். கம்ப்யூட்டரே வரைந்த படம். கிரீடம் வைத்து, ஆரணிப் பட்டு உடுத்தி, பால்போல் வெளுத்த ஒரு பேரரசி விண்மீன்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். ஜாடை கொஞ்சம் ஸ்வர்ணலதாவைப் போலிருந்தது. கீழே பொன்னெழுத்தில் 'அம்மணி விசை' என்றிருந்தது. தளபதி வம்சத்தின் தொன்மையைப் பற்றி ஒளியாலும் கடக்க முடியாத நீளத்துக்குத் துரைக்கண்ணு உரையாற்றினார். வேணுகோபாலுக்குப் பொன்னாடை போர்த்தி 'நடுநிலைச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார்கள். கூட்டம் கைதட்டியது. தட்டாமல் இருந்த இரண்டு பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அமலா தன் அம்மாவை அழைத்து வந்திருந்தாள். அம்மணி பெட்டியிலிருந்த நல்ல சேலையைக் கட்டி, காதில் மகளின் கம்மலை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். விழா நடத்தியவர்களில் ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. வேணுகோபால் மட்டும் மேடையிலிருந்து பார்த்துவிட்டார். பார்த்த பிறகு மைக்கின் ஒயரை வெகு நேரம் பார்த்தார்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து கூட்டம் கலைந்தபோது, அம்மணி பேனருக்கு முன்னால் போய் நின்றார். எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் படித்தார். அது ஒன்றுதான் அவருக்கு எழுத்துக்கூட்டாமலே தெரிந்திருந்த சொல். ஆனாலும் கூட்டித்தான் படித்தார்.

"இது யாருடி?"

"ராணிம்மா."

"ராணிக்கு எதுக்கு என் பேரு? அவளுக்குப் பேரு இல்லியா?"

அமலா அம்மாவின் முந்தானையைச் சரிசெய்தாள். அம்மணி மேற்கொண்டு கேட்கவில்லை. தாம்பூலப் பை கொடுக்கும் இடம் எது என்று விசாரித்துக்கொண்டு, கம்மலைத் தொட்டுப் பார்த்தபடி வாசல் பக்கம் போனார்.

வேணுகோபாலுக்கு அந்தக் கணத்தில் பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் அவர் கோழையல்ல. தோளில் பொன்னாடையோடும் கையில் புத்தகத்தோடும் அமலாவிடமே நடந்து வந்தார். கடைசிப் பக்கத்தைத் தானே பிரித்து நீட்டினார்.

"உன் பேரு வந்துகீதும்மா. பாரு. ரொம்பச் சண்ட போட்டுத்தான் வாங்கினேன்."

அமலா வாங்கிப் படித்தாள். 'வரலாற்றுக் குழுவுக்குத் தேநீர் வழங்கி உதவிய செல்வி அமலாவுக்கு நன்றி.'

"நான் எப்பண்ணா டீ போட்டேன்?"

"அது வந்து... பேரு வரணும் இல்ல, அதுக்கு ஒரு வழி."

அவள் முன்னால் புரட்டி, அந்த அத்தியாயத்தை நின்றபடியே படித்தாள். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. படிப்பவள் முகத்தில் கோபம் வரும் என்று வேணுகோபால் காத்திருந்தார். கோபத்துக்குச் சொல்ல அவரிடம் பதில் இருந்தது. கோபம்தான் வரவில்லை.

"அன்னிக்கி இருபது விழுந்துச்சா இல்லியாண்ணா?"

"விழுந்துச்சும்மா."

"கணக்குப்பிள்ளைன்னு சொல்லுவீங்களே."

வேணுகோபால் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, யாருடைய மனமும் நோகாமல் எதையும் சொல்லிவிடும் அந்தப் பழகிய குரலில், ஒரு தகப்பனைப் போலப் பேசினார்.

"நீ படிச்ச பொண்ணு. இதுக்குப் போயி மனசு கஷ்டப்படலாமா? ஏழாம் அண்டம்னு ஒண்ணு எங்கியும் இல்ல. அங்க பேரரசும் இல்ல, கப்பலும் இல்ல. ஒளிய யாரும் தாண்டவும் இல்ல. எல்லாம் நாமளா உக்காந்து நெனச்சிகினு எழுதறதுதானே."

அமலா புத்தகத்தை மூடி அவர் கையிலேயே வைத்தாள்.

"ஆமாண்ணா. எத வேணாலும் நெனச்சிக்கலாம். அவ்வளவு தூரம் போயும் உங்களுக்கு இதத்தான் நெனைக்கத் தோணுச்சா?"